27 மேச்சேரி ஆடுகளுக்கு ஒரு கிடா: மூலனூர்ப் பக்கத்துக் கொறங்காட்டிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

2022 சித்திரையில் ஒரு மதியம், மூலனூர்ப் பக்கத்தில் செம்மறியாடு வளர்க்கும் அக்கா ஒருவர் கால்நடை மருத்துவரான எனக்குப் போன் செய்தார். "டாக்டருங்க, கெடா ஒண்ணு வாங்கோணும். யாவாரி ஒருத்தரு நெல்லூர்க் கெடா கொண்டாந்திருக்காரு. கன்னுக்குட்டியாட்ட ஒசரமா இருக்குது. புடிச்சரட்டுங்களா?"

"அட்வான்ஸ் குடுத்தராதீங்கக்கா. நாளைக்கு நானே வர்றேன்" என்றேன்.

அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அதற்கு 3 ஆண்டுகளுக்கு முன்னால் இதே கேள்வியை இன்னொரு பட்டிக்காரர் கேட்டபோது, ஆடுகளைப் போய்ப் பார்க்காமலே "நெல்லூர் போடுங்க, குட்டி நல்லா வரும்" என்று சொன்னவன் நான். அந்தப் பட்டியில் என்ன நடந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அக்காவின் தோட்டம் மூலனூருக்கும் தாராபுரத்துக்கும் நடுவில். 11 ஏக்கர் கொறங்காடு, மூன்று துண்டு. கொறங்காட்டைப் பார்க்காதவர்களுக்காக: சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல மரங்கள். ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் அளவில் பெய்யும் மழையை நம்பிய மேய்ச்சல் நிலம். ஆட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் மேய்ப்பவர் வேண்டியதில்லை. ஐப்பசி மழைக்குப் பிறகு புல் முழங்கால் உயரம் நிற்கும். மாசிக்குப் பிறகு காய்ந்த தாளும் உதிரும் வெள்வேலங்காயும்தான். கிடா வாங்குவதில் இந்தக் கோடைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. யாவாரி கொண்டுவரும் கிடாவைப் பார்க்கிற யாருக்கும் கோடை நினைவுக்கு வருவதில்லை.

பட்டியில் 27 பெட்டைகள், எல்லாம் மேச்சேரி இனச் செம்மறி. வெளிர்பழுப்பு உடம்பு, கம்பளி கிடையாது, ஆண் பெண் இரண்டுக்கும் கொம்பு கிடையாது. அதுவரை இருந்த கிடா அதே பட்டியில் பிறந்தது. 4 ஆண்டுகளாக அதுதான் பொலிகிடா. அதாவது அது தன் மகள்களோடும், அந்த மகள்களின் மகள்களோடும் சேர்ந்துகொண்டிருந்தது. அப்பனும் மகளும் சேர்ந்து பிறக்கும் குட்டிக்கு உட்கலப்பு, அதாவது நெருங்கிய இரத்தம் கலக்கும் அளவு, 25 சதவீதம். அது ஒரே ஈத்தில் கண்ணுக்குத் தெரியாது. குட்டி கொஞ்சம் சிறுத்துப் பிறக்கும், எழுந்து பால் குடிக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும், பெட்டை இரண்டாவது தடவை பருவத்துக்கு வந்துதான் சினை பிடிக்கும். ஒவ்வொன்றும் தனியாக வந்தால் யாரும் கவனிப்பதில்லை. "ரெண்டு வருசமா குட்டிக சப்பையாவே பொறக்குதுங்க, சாமி குத்தமான்னு கூட நெனச்சனுங்க" என்றார் அக்கா. நாள்காட்டித் தாள்களைக் கிழிக்காமல் வைத்து, குட்டி போட்ட நாளை எல்லாம் பின்பக்கம் பென்சிலில் குறித்திருந்தார். முந்தைய ஆண்டு பிறந்த 24 குட்டிகளில் 6 முதல் பத்து நாளுக்குள் போயிருந்தன. பழைய கிடாவை உடனே கழித்துவிட வேண்டும் என்பதில் எங்கள் இருவருக்கும் பேச்சே தேவைப்படவில்லை.

தராசில் தொடங்கியது

மறுநாள் போனதும் யாவாரியின் கிடாவைப் பார்க்கப் போகவில்லை. வெள்வேல மரக் கிளையில் ஒரு தொங்கு தராசைக் கட்டினோம். சாக்கில் இரண்டு ஓட்டை போட்டுக் கால்களை வெளியே விட்டு, 27 பெட்டைகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கினோம். அக்காவின் மகன் எண்ணைச் சொல்ல நான் எழுதினேன். மிகக் குறைவு 18.5 கிலோ, மிக அதிகம் 27. சராசரி இருபத்திரண்டரைக்கு அருகில். மேச்சேரிப் பெட்டைக்கு இது இயல்பான எடைதான். வளர்ந்த மேச்சேரிக் கிடா 35 கிலோ அளவில் நிற்கும்.

எடையோடு சேர்த்து வாயையும் பார்த்தோம். இன்னும் ஈனாத, இரண்டு பல் போட்ட கிடாரிகள் 6. முதல் ஈத்து முடித்தவை 5. மற்ற 16 இரண்டு ஈத்துக்கு மேல் போட்டவை. அந்த 16இல் 8 பெட்டைகள் 24 கிலோவுக்கு மேல், இடுப்பு அகன்றவை, பால்மடி நன்றாக இருந்தவை. இந்த எட்டுக்குப் பக்கத்தில் நோட்டில் ஒரு புள்ளி வைத்தேன். கடைசியில் முடிவு அந்தப் புள்ளிகளிலிருந்துதான் வந்தது.

அக்காவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். பிறக்கும் பெட்டைக் குட்டிகளை வளர்ப்பதற்கு வைத்துக்கொள்வீர்களா, எல்லாவற்றையும் விற்பீர்களா? "வருசத்துக்கு அஞ்சாறு நிறுத்துவனுங்க. கெழட்டாட்டை வித்துட்டு அதுகளை வெச்சுக்குவேன்" என்றார். கிடா இனத்தைப் பற்றிய பேச்சில் பாதி இந்தப் பதிலில் முடிந்துவிடுகிறது. மகளைப் பட்டியில் நிறுத்துகிறவர் வாங்கும் கிடா, அடுத்த 6 ஆண்டுகளுக்கான பட்டியின் பாதி இரத்தம். எல்லாக் குட்டிகளையும் விற்கிறவருக்கு அந்தக் கிடா 4 மாதத்து எடை மட்டுமே.

முன்னால் இருந்த நான்கு கிடாக்கள்

யாவாரி கொண்டுவந்தது ஜோடிப்பி வகை நெல்லூர். வெள்ளை உடம்பு, வாய், கண், கீழ்த்தாடையைச் சுற்றிக் கறுப்பு. இந்தியச் செம்மறி இனங்களில் மிக உயரமானது நெல்லூர்தான், கிடாவுக்குக் கொம்பும் உண்டு. கன்னிவாடிச் சந்தையில் நின்று பார்த்தால் இதன் மீதான ஆசை எங்கிருந்து வருகிறது என்று புரியும். அங்கே குட்டியை யாரும் நிறுத்து வாங்குவதில்லை. துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்துப் பேசும் விலை, கண்ணால் போடும் மதிப்பு. கால் உயரமான குட்டி கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும். பக்ரீத் சமயத்தில் கொம்புள்ள கிடாவுக்குத் தனி விலை. ஆகவே நெல்லூர் கலந்த கிடாக்குட்டி கூடுதல் பணம் தருகிறது என்பது உண்மை, அதை நான் மறுக்கவில்லை.

இப்போது 3 ஆண்டுகளுக்கு முந்தைய அந்தப் பட்டி. நான் சொன்னதைக் கேட்டு நெல்லூர் கிடாவை விட்டார்கள். ஈனாத கிடாரிகளோடும் அது சேர்ந்தது. மார்கழியில் ஒரு விடியற்காலை கூப்பிட்டார்கள். 19 கிலோ கிடாரி ஒன்று பக்கவாட்டில் படுத்திருந்தது. பனிக்குடம் உடைந்து இரண்டு மணி நேரமாகியிருந்தது. குட்டியின் மூக்கும் ஒரு காலும் வெளியே, இன்னொரு கால் தோளோடு உள்ளே மடங்கியிருந்தது. நாக்கு வெளியே வந்து நீலம் பாய்ந்திருந்தது. சோப்பு நீரும் வழுக்கெண்ணெயும் விட்டுக் கையை நுழைத்தபோது, குட்டியின் நெற்றிக்கும் தாயின் இடுப்பெலும்புக்கும் நடுவில் என் விரல் போக இடமில்லை. குட்டியை வெளியே எடுத்தேன், உயிர் இல்லை. தாய் மூன்றாம் நாள் இறந்தது. அந்த ஈத்தில் அதே பட்டியில் இன்னும் இரண்டு கிடாரிகளுக்குக் குட்டியை இழுத்துத்தான் எடுத்தோம். அந்தக் கிடா மேல் தப்பில்லை. பெட்டைகளைத் தராசில் தூக்கிப் பார்க்காமல் அதைச் சிபாரிசு செய்தது என் தப்பு. அதே பட்டியில் மூன்றாம் ஈத்து, நான்காம் ஈத்து ஆடுகள் நெல்லூர்க் குட்டிகளை எந்தச் சிரமமும் இல்லாமல் போட்டன என்பதையும் சொல்ல வேண்டும்.

இன்னொரு கணக்கும் உண்டு. நெல்லூர்ப் பெட்டை 30 கிலோ தொடும். மேச்சேரிப் பெட்டை 22. உடம்பு பெரிதானால் அதைக் காப்பாற்றவே தீனி கூட வேண்டும். 22 கிலோ ஆட்டைவிட 30 கிலோ ஆட்டுக்குக் கால் பங்குக்கு மேல் கூடுதலாக. அதே 11 ஏக்கர் 27 மேச்சேரியைக் கோடை தாண்ட வைக்குமானால், அந்த அளவு பெரிய ஆடுகளில் 21ஐத்தான் தாண்ட வைக்கும். நெல்லூர்க் கலப்பு மகள்களை நிறுத்த நிறுத்தப் பட்டி சுருங்கும். இல்லையென்றால் பங்குனியில் சோளத்தட்டு விலைக்கு வாங்க வேண்டும்.

இரண்டாவது யோசனை அக்காவின் தம்பி மகனுடையது: டார்ப்பர். தென்னாப்பிரிக்காவில் 1930களில் டார்செட் ஹார்னையும் கருந்தலைப் பாரசீக ஆட்டையும் சேர்த்து உருவாக்கிய இறைச்சி இனம். படத்தில் பார்த்தால் நாலு காலில் நிற்கும் பெட்டி போல இருக்கும். பையன் ஆர்வமாகத்தான் கேட்டான், அவனுக்கு நேரம் எடுத்துப் பதில் சொன்னேன். அந்தத் தொடைச்சதை வர வேண்டுமானால் தொட்டியில் அடர்தீவனம் இருக்க வேண்டும். கொழுக்கட்டைத் தாளில் அது வராது. அதோடு, வெளிநாட்டு இரத்தமும் அதன் கலப்பும் உள்ள ஆடுகளை நீலநாக்கு நோய் நம்மூர் ஆடுகளைவிடக் கடுமையாகப் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கொசுவைவிடச் சின்னதான ஒரு பூச்சி பரப்பும் நோய் அது. பரண் அமைத்துத் தீவனம் போட்டு வளர்ப்பவர் வேறு கணக்குப் போடலாம். இந்தப் பட்டிக்குச் சரிப்படாது.

மூன்றாவது, இரட்டைக் குட்டிக் கிடா. மகாராஷ்டிரத்தில் பல்டனில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், சுந்தரவனத்தின் கரோல் ஆட்டிலிருக்கும் மரபணு ஒன்றைத் தக்காணி ஆடுகளுக்குக் கொண்டுவந்து நாரி சுவர்ணா என்ற வகையை உருவாக்கியது. அருமையான வேலை. ஆனால் பலர் நினைப்பது போல, அந்தக் கிடாவை விட்டால் இருக்கிற பெட்டைகள் இரட்டை போடாது. எத்தனை கரு முட்டை வெளிவரும் என்பதைப் பெட்டையின் உடம்புதான் தீர்மானிக்கிறது. கிடா தன் மரபணுவை மகளுக்குக் கொடுக்கும், அந்த மகள் வளர்ந்து ஈனும்போதுதான் இரட்டை வரும். அதற்கு 2 ஆண்டு ஆகும். வந்த பிறகு, காய்ந்த புல்லை மேய்ந்து இரண்டு குட்டிக்குப் பால் தர வேண்டும். இரட்டையில் ஒன்றைப் புட்டிப்பாலில் வளர்க்க ஆளும் நேரமும் இருந்தால் இது நல்ல வழி. அக்கா வீட்டில் நான்கு மாடும் கறவைக்கு நிற்கின்றன, அவர் ஒருவர்தான் எல்லாவற்றையும் பார்க்கிறார்.

நான்காவது மேச்சேரிக் கிடாவே. சொன்னதும் அக்காவின் முகம் சுருங்கியது. "இருக்கறதையே மறுக்கா வாங்கறதுக்கா டாக்டர்ங்க இத்தன நேரம்?"

முடிவு

முடிவு இரண்டாகப் பிரிந்தது. புள்ளி வைத்த 8 பெரிய பெட்டைகளை மட்டும், பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஏற்கெனவே வைத்திருக்கும் நெல்லூர்க் கிடாவோடு அவர் கொறங்காட்டில் விடுவது. அவற்றின் குட்டி ஆணோ பெண்ணோ எல்லாம் விற்பனைக்கு. மீதி 19க்கும், அதில் 6 கிடாரிகள் உட்பட, புதிதாக வாங்கும் மேச்சேரிக் கிடா. பட்டிக்கு நிறுத்தும் பெட்டைக்குட்டிகள் இந்த 19இலிருந்து மட்டும். கொறங்காட்டில் இந்த ஏற்பாடு சுலபம். வேலி ஏற்கெனவே இருக்கிறது, படலைச் சாத்தினால் போதும். திறந்த மேய்ச்சலில் பல பட்டி கலக்கும் ஊர்களில் இது நடக்காது.

மேச்சேரிக் கிடா என்றதும் ஏதோ ஒன்றை வாங்கிவிட முடியாது. இனத்தை முடிவு செய்வதற்கு ஒரு மதியம் ஆயிற்று, கிடாவை முடிவு செய்ய 5 வாரம் ஆயிற்று. சேலம் மாவட்டம் பொட்டனேரியில் 1978இல் தொடங்கிய மேச்சேரி செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பிறந்த நாள், எடை, தாய் தகப்பன் எல்லாம் எழுதிவைத்துப் பொலிகிடா தேர்வு செய்யும் முறையை அங்கிருந்துதான் நான் கற்றேன். நாங்கள் வாங்கியது மேச்சேரிப் பக்கத்தில் குறிப்பு எழுதும் பழக்கமுள்ள ஒரு விவசாயியின் பட்டியில்.

அங்கே இரண்டு கிடாக்களை நிறுத்தினார்கள். ஒன்று 34 கிலோ, மினுமினுப்பாக, தீவனம் போட்டுத் தேற்றியது. மற்றது 30 கிலோ. அக்கா நேராகப் பெரியதிடம் போனார். நான் நோட்டைக் கேட்டேன். பெரியது நான்காம் ஈத்துத் தாய்க்கு ஒற்றைக் குட்டியாகக் கார்த்திகையில் பிறந்தது. மழைக்குப் பின் புல்லும் பாலும் நிறைந்த காலம். சின்னது அடுத்த தையில், முதல் ஈத்துத் தாய்க்கு இரட்டையில் ஒன்றாகப் பிறந்தது. பாலைப் பங்கு போட்டு, ஒரு கோடையைக் குட்டியாகவே தாண்டி, இரண்டு மாதம் இளையதாக இருந்தும் 30 கிலோ. அது வளர்ந்தது தன் இரத்தத்தின் பலத்தில். மற்றதற்குத் தாயும் தீவனமும் கைகொடுத்திருந்தன. எனக்கு எது வேண்டும் என்பதில் சந்தேகம் இல்லை.

ஆனாலும் உடம்பைத் தடவிப் பார்க்காமல் வாங்கவில்லை. மேல்தாடையும் கீழ்ப்பல்லும் சரியாகப் பொருந்துகிறதா, முன்னங்கால் கணு சாய்ந்திருக்கிறதா, குளம்பு அழுகல் இருக்கிறதா என்று பார்த்தோம். பிறகு விதைகள். இரண்டும் ஒரே அளவில், கையில் பிடித்தால் இறுகிய ரப்பர் போல, சூடோ கட்டியோ இல்லாமல். பெரிய கிடாவுக்கு இடப்பக்க விதையின் அடியில் ஒரு சின்னக் கட்டி இருந்தது. அக்காவின் விரலைப் பிடித்து அங்கே வைத்தேன். ஒன்றும் சொல்லாமல் கையை எடுத்துக்கொண்டார். சின்னக் கிடாவின் தாயையும் கூடப் பிறந்த பெட்டையையும் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, கருச்சிதைவை உண்டாக்கும் புருசெல்லா கிருமி இருக்கிறதா என்ற சோதனைக்கு இரத்தம் எடுத்துக்கொண்டு வந்தோம். முடிவு நல்லபடியாக வந்த பிறகே கிடா வண்டி ஏறியது.

வந்ததும் பட்டியில் சேர்க்கவில்லை. 3 வாரம் தனியே கட்டி, குடற்புழு மருந்து, ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரித் தடுப்பூசிகள். இதற்குள் வைகாசி பிறந்துவிட்டது. இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன், பட்டிக்காரர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இது. கிடாவின் விந்தணு ஒன்று உருவாகி முடிய ஏறத்தாழ 7 வாரம் ஆகும். ஆடி முதல் தேதி கிடாவை விடுவதென்றால், அன்று வேலை செய்யும் விந்தணு அக்னி நட்சத்திரம் முடியும் சமயத்தில் உருவாகத் தொடங்கியது. வைகாசி, ஆனி முழுக்கக் கிடாவுக்கு நிழலும் தண்ணீரும் வேண்டும். அந்த நாட்களில் கடும் காய்ச்சல் வந்தால், பார்க்கத் தெம்பாக இருக்கும் கிடாவே ஆடியில் பெட்டையைச் சினையாக்காது. அக்கா அதைப் புளியமரத்தடியில் கட்டினார், துணைக்கு ஒரு காயடித்த கிடாவையும்.

ஆடியைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. சினைக்காலம் ஏறத்தாழ 148 நாள். ஆடி 1இல் சேர்ந்தால் கார்த்திகைக் கடைசியில் குட்டி. பெருமழை விட்டிருக்கும், புல் இன்னும் பச்சையாக இருக்கும். "வருசம் முச்சூடும் கெடா பட்டிலயேதான் இருக்கும். இப்ப ஒரே ஈத்துதானுங்களா?" என்று அக்கா தயங்கினார். முதல் ஆண்டு மட்டும் இப்படிச் செய்து பார்க்கக் கேட்டுக்கொண்டேன். ஆனியின் கடைசி இரண்டு வாரமும் பெட்டைகளுக்குத் தலைக்கு 200 கிராம் கம்பும் கடலைப்பிண்ணாக்கும் கலந்து வைத்தார்.

கிடாவின் நெஞ்சில் செங்காவியை எண்ணெயில் குழைத்துத் தினமும் தடவினோம். சேர்ந்த பெட்டையின் பின்பக்கத்தில் சிவப்புத் தீற்றல் விழும். 17 நாள் கழித்து நீலத்துக்கு மாற்றினோம், பெட்டை பருவத்துக்கு வருவது 17 நாளுக்கு ஒருமுறை என்பதால். 19இல் 15 பெட்டைகள் முதல் சுற்றிலேயே சிவந்தன. அவற்றில் மூன்றில் மட்டும் பிறகு நீலமும் விழுந்தது, அதாவது அவை முதல் தடவை சினை பிடிக்கவில்லை.

குட்டிகள்

மேச்சேரிக் கிடாவுக்கு 19இல் 18 ஈன்றன. ஒரு இரட்டையோடு 19 குட்டிகள். சராசரிப் பிறப்பு எடை 2.4 கிலோ. 6 கிடாரிகளும் உதவி இல்லாமல் ஈன்றன. எனக்கு இந்த ஆய்வில் வேறு எதைவிடவும் முக்கியமான வரி இது. ஒரு குட்டி செத்தது, இரவில் மழையில் நனைந்து. 3 மாதத்தில் சராசரி பத்தரைக் கிலோ.

நெல்லூருக்கு விட்ட 8 பெட்டைகளும் ஈன்றன, 8 குட்டிகள், எல்லாம் பிழைத்தன. பிறப்பு எடை 2.9, மூன்று மாதத்தில் 12.5. சந்தையில் இவற்றுக்குத்தான் முதலில் ஆள் வந்தது. இதைப் படித்து, எல்லாப் பெட்டைக்கும் நெல்லூரையே விட்டிருக்கலாமே என்று யாருக்காவது தோன்றினால், அந்த 8 தாய்களும் பட்டியின் மிகப் பெரிய, பால் மிகுந்த ஆடுகள் என்பதை மறக்க வேண்டாம். இரண்டு கூட்டத்தையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. பழைய ஆண்டோடு ஒப்பிடும்போதும் கிடா மட்டும் மாறவில்லை. தீனி, பருவம், தடுப்பூசி எல்லாம் சேர்ந்து மாறின.

ஒரு சொல்லை மட்டும் அக்கா காப்பாற்றவில்லை. நெல்லூர்க் கலப்பில் ஒரு பெட்டைக்குட்டி, வெள்ளை உடம்பில் கன்னம் மட்டும் பழுப்பு. அதை விற்க மனசு வரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. 2024 மாசியில் அது 31 கிலோ, பட்டியிலேயே பெரியது. அந்த ஆண்டுச் சித்திரை வெயில் நம் பக்கத்தில் எப்படி இருந்தது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். வைகாசி முடிவில் மறுபடி தராசைக் கட்டியபோது அது 25.5. அதே வயது மேச்சேரிக் கிடாரிகள் 5இன் சராசரி 21.5இலிருந்து 20.2க்கு இறங்கியிருந்தது. அக்கா தராசு முள்ளையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

அந்த மேச்சேரிக் கிடாரிகள் வாங்கிவந்த கிடாவின் மகள்கள். அந்த ஆடியில் அவை பருவத்துக்கு வந்துவிடும் என்பதால் அதற்குள் கிடா மாற வேண்டும். பழைய தவறு திரும்ப நடக்கக் கூடாது. ஆனியில் வெள்ளகோவில் பக்கத்து மேச்சேரிப் பட்டி ஒன்றோடு கிடாவுக்குக் கிடா மாற்றிக்கொண்டோம், விலை பேசவில்லை. இரண்டு பக்கமும் இரத்தச் சோதனை, இரண்டு பக்கமும் 3 வாரத் தனிக்கட்டு.

புதுக் கிடா ஆடி 1இல் இறங்கியது. 5 மகள்களும் முதல் சுற்றில் சிவந்தன. வெள்ளைக் கிடாரி இரண்டாம் சுற்றில், ஆவணி 2ஆம் தேதி, நீலத்தோடு வந்து நின்றது. நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் அதற்கு மட்டும் அக்கா பென்சிலில் வட்டம் போட்டிருக்கிறார்.